அந்த அந்நியர் யார்?

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வுக்கு ஆண்டுதோறும் ஓர் அந்நியர் வருகிறார். எந்த ஊர்க்காரர், கையில் பெட்டி உண்டா, சாப்பிட்டாரா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. அவருக்கு வேண்டியது வழி ஒன்றுதான். ஒரு வருடம் மருத்துவமனைக்கு, மறு வருடம் தபால் நிலையத்துக்கு, அதற்கடுத்த வருடம் நூலகத்துக்கு. வினாத்தாளில் சின்னதாக ஒரு சாலை வரைபடம் அச்சிட்டிருப்பார்கள். நான்கைந்து தெருக்கள், ஒரு வங்கி, ஒரு பூங்கா, நாம் நிற்கும் இடத்தைக் காட்ட ஓர் அடையாளம். அந்நியருக்கு ஒழுங்காக வழி சொன்னால் 2 மதிப்பெண்.

நானும் வருடக்கணக்காக அவருக்கு வழி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நேராகப் போங்கள், இடப்பக்கம் திரும்புங்கள், வங்கியைத் தாண்டினால் வலப்பக்கம் மருத்துவமனை. போய்ச் சேர்ந்தாரா என்று தெரியாது. அடுத்த ஆண்டு தேர்வில் மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்பார்.

என் பள்ளி மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடத் தொலைவில் இருக்கிறது. அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை. அங்கே நான் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியை. பதினோரு வருடம் ஆகிறது. காலையில் 7.50 பஸ், மாலையில் 5.10 பஸ். இந்த இரண்டு பஸ்களுக்கு நடுவிலேயே எனக்கும் அந்த ஊருக்குமான உறவு முடிந்துவிடுகிறது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அரசுக் கணக்கில் ஆங்கிலம் இங்கே இரண்டாம் மொழி. 1968இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைக்குத் தீர்மானம் போட்டதிலிருந்து தமிழும் ஆங்கிலமும் என்பதே நம் பள்ளிகளின் ஏற்பாடு. ஏட்டில் அப்படி. என் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்தால் அது அயல்மொழிதான். மணி அடித்து வீடு போகிற பிள்ளைக்கு மறுநாள் காலை வரை ஓர் ஆங்கில வாக்கியம் காதில் விழாது. சொற்கள் விழும், அது வேறு கதை. டிராக்டர், மோட்டார், பம்புசெட், யூரியா, ரேஷன், சார்ஜர், டவர், லோன். வீடு நிறைய ஆங்கிலச் சொற்கள் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துக் கட்ட வினைச்சொல் ஒன்றுகூட இல்லை. செங்கல் லாரி லாரியாக வந்து இறங்கிவிட்டது, கொத்தனாரைத்தான் காணோம்.

கொத்தனார் வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம். பத்தாம் வகுப்பில் அதைச் செய்கிறேனா என்று கேட்டால், பொங்கல் வரைக்கும் கொஞ்சம் செய்கிறேன். பொங்கலுக்குப் பிறகு வித்தைதான். மொத்தம் 100 மதிப்பெண், தேற 35. அந்த 35ஐ எங்கெங்கிருந்து பொறுக்குவது என்பதற்கு எங்களிடம் ஒரு சாஸ்திரமே இருக்கிறது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, அதில் பாதியாவது தேறும். மனப்பாடப் பாடலுக்கு 5. கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், இடம், நாள், உறைமேல் முகவரி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தால் உள்ளே என்ன எழுதியிருந்தாலும் ஏதோ கிடைக்கும். படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதும் வினாவுக்கு எந்தப் படத்துக்கும் பொருந்துகிற ஐந்து வாக்கியங்களைத் தயாராக வைத்திருக்கிறோம். 'இது அழகான படம். எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இது நல்ல கருத்தைச் சொல்கிறது' என்று போகும் அது. ஓர் அரையாண்டுத் தேர்வில் சாலை விபத்துப் படம் வந்தது. லாரிக்கு அடியில் மோட்டார் சைக்கிள் நசுங்கிக் கிடக்கிறது. என் வகுப்பில் பதினெட்டு பேர் அது அழகான படம் என்றும் தங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். ஆனால் 35 மதிப்பெண்ணை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் ஆங்கிலத்தில் 37 எடுத்தாள். மற்ற பாடங்களில் சுமாருக்கு மேல். 34 வந்திருந்தால் அந்த வைகாசியிலேயே அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தாய்மாமன், நாள்கூடப் பார்த்தாகிவிட்டது. இன்று அவள் திருவாரூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறாள். அவளுடைய 37இல் எத்தனை என் வித்தை, எத்தனை அவள் ஆங்கிலம் என்று நான் பிரித்துப் பார்க்கப் போவதில்லை.

வழி சொல்லும் வினா இந்தச் சாஸ்திரத்தில் சுலபமான அத்தியாயம். நான்கு வாக்கியங்கள் போதும். கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெப்ட், டர்ன் ரைட், யூ வில் பைண்ட் தி ஹாஸ்பிட்டல். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட லெப்டையும் ரைட்டையும் மாற்றி மாற்றி எழுதுவதைப் பார்த்து, ஒரு நாள் எட்டாம் வகுப்பை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். அடித்தளத்திலேயே சரிசெய்துவிடலாம் என்று எண்ணம். ஒரு பையனை நடக்கவிட்டு 'டர்ன் ரைட்' என்றேன். அவன் நேராக நடந்தான். மறுபடி உரக்கச் சொன்னேன். இன்னும் வேகமாக நேராக நடந்தான். கொடிக்கம்பம் வரை போய்த்தான் நின்றான்.

"ரைட் என்றால் போகலாம் என்றுதானே, டீச்சர்?"

கண்டக்டர் அப்படித்தானே சொல்கிறார்! 'ரைட், ரைட்' என்றதும் பஸ் புறப்படுகிறது. அவன் பிறந்ததிலிருந்து கேட்ட ரைட் அதுதான். நானும் தினம் இரண்டு முறை அதைக் கேட்டுக்கொண்டேதான் வேலைக்கு வந்து போகிறேன்.

சரி, சோற்றுக்கை ரைட், பீச்சாங்கை லெப்ட் என்று சொல்லிக் கொடுத்தேன். வகுப்பு சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. ஆனால் சிக்கல் சொற்களில் இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் இடம் வலம் சொல்லி வழி காட்டுவதில்லை. 'இப்படியே வடக்கே போய், மதகு வந்ததும் மேற்கே திரும்பி, கோயிலுக்குத் தென்புறம் மூன்றாவது வீடு' என்பார்கள். தெருவுக்குப் பெயரே மேலத்தெரு, கீழத்தெரு. என் மாமியார் சமையலறைக்குள்ளேயே உப்பு ஜாடி கிழக்கே இருக்கிறது என்பார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் வரைபடத்தைக் கொடுத்தால் அது முதலில் கேட்பது இதுதான்: "இதில் கிழக்கு எது, டீச்சர்?" வினாத்தாளில் கிழக்கு இருக்காது. சில பிள்ளைகள் தாளைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்க்கும். தூங்கி விழுகிறதா, விளையாடுகிறதா என்று ஆரம்பத்தில் அதட்டியிருக்கிறேன். தாளில் இருக்கும் தெருவை நிஜத் திசையோடு பொருத்திப் பார்க்கிறது என்று தெரிய எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை இப்படிச் சொன்னாள். "எதிரே நிற்கிற ஆளுக்கு என் சோற்றுக்கைப் பக்கம் அவருடைய பீச்சாங்கைப் பக்கம். கிழக்கு என்றால் இரண்டு பேருக்கும் ஒரே கிழக்குதானே, டீச்சர். எதற்கு அதை விட்டுவிட்டு இது?" என்னிடம் பதில் இல்லை. தேர்வுக்கு இதுதான் வேண்டும் என்றேன். ஆங்கில ஆசிரியர்கள் தினமும் பத்துத் தடவை சொல்லும் வாக்கியம் இது.

மூன்று வருடங்களுக்கு முன் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அறுவடை நேரம், வகுப்பில் பாதிப் பேர் இல்லை. திருப்புதல் தேர்வு வினாத்தாளும் வந்து சேரவில்லை. பத்தாம் வகுப்பில் வந்திருந்த பதினாறு பேரிடமும் வெள்ளைத் தாளைக் கொடுத்து, "உங்கள் ஊரை வரையுங்கள். பஸ் நிறுத்தத்தில் ஓர் அந்நியர் இறங்குகிறார். உங்கள் வீட்டுக்கு வரவேண்டும். ஆங்கிலத்தில் வழி எழுதுங்கள். கைடைத் திறக்கக் கூடாது, தெரியாத சொல்லை என்னிடம் கேட்கலாம்" என்றேன். பெரிய திட்டமெல்லாம் இல்லை. நாற்பது நிமிடம் அமைதியாகப் போகட்டும் என்றுதான்.

அமைதியாகப் போகவில்லை. கேள்வி மேல் கேள்வி. வாய்க்காலுக்கு என்ன, மதகுக்கு என்ன, களத்துக்கு என்ன, வைக்கோல் போருக்கு என்ன, பெட்டிக்கடைக்கு என்ன. மதகுக்கு எனக்கே உடனே வரவில்லை. போனில் பார்த்துத்தான் ஸ்லூஸ் என்று எழுதிப் போட்டேன். முதுகலைப் பட்டம் வைத்திருக்கிறேன், மதகு தெரியவில்லை. காவிரித் தண்ணீர் பாய்கிற ஊரில் பதினாறு பேரில் பதினோரு பேர் வீட்டுக்கு ஒரு மதகைத் தாண்டித்தான் போக வேண்டும். பாடப்புத்தகத்து வரைபடங்கள் எதிலும் மதகு வந்ததில்லை. திண்ணையைத் திண்ணை என்றே எழுதச் சொல்லிவிட்டேன், அந்நியர் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நான்கு பேர் 'புளியமரத்துக்குப் பக்கத்தில் திரும்புங்கள்' என்று எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரிந்து அங்கே புளியமரம் கிடையாது. விசாரித்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரம் அது. மரம் போய்விட்டது, இடத்துக்குப் பெயர் புளியமரத்தடிதான். "வருகிற ஆளுக்கு மரம் எப்படித் தெரியும்?" என்றேன். எழுதியவன் யோசித்துவிட்டு ஒரு வரி சேர்த்தான்: 'ட்ரீ நோ. ஒன்லி நேம்.' இதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. இலக்கணத்தோடு எழுதினால் பன்னிரண்டு சொற்கள் ஆகும்.

கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் காலனியிலிருந்து வருகிறவன். வகுப்பில் வாயைத் திறக்கமாட்டான். மாதத் தேர்வுகளில் அவன் தாளில் மனப்பாடப் பாடலைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. அன்று அவன் படம்தான் எல்லாவற்றிலும் சுத்தமாக இருந்தது. ஸ்கேல் வைத்து வரைந்திருந்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து நேராகப் பெரிய தெரு, கோயில், தேரடி, அதன் முடிவில் காலனி. ஆனால் வழியைக் குறிக்கும் அம்பு பெரிய தெருவுக்குள் போகவில்லை. ரேஷன் கடைக்குப் பின்னால் திரும்பி, வாய்க்கால் கரையைப் பிடித்து, களத்தைச் சுற்றி, பாலம் தாண்டி, பின்பக்கமாகக் காலனிக்குப் போனது. கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். இரண்டாவது வரி: 'டோண்ட் கோ ஸ்ட்ரெய்ட்.'

கை பழக்கத்தில் சிவப்பு மையால் அதன் மேல் கோடு போட்டுவிட்டேன். 'கோ ஸ்ட்ரெய்ட்' என்று திருத்தி எழுதிவிட்டு, "நேர் வழி இருக்கும்போது எதற்கு இவ்வளவு சுற்று? அந்நியர் பாவமில்லையா?" என்று கேட்டேன். பின்னால் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"அந்த ஆள் யார், டீச்சர்?"

"யாராக இருந்தால் என்ன? அந்நியர்."

"இல்லை டீச்சர். எங்கள் வீட்டுக்கு வருகிற ஆள் என்றால் இப்படித்தான் வருவார்."

யாராவது தடுக்கிறார்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்றான். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் போகிறோம், சைக்கிளில் போனால் ஏதாவது பேச்சு வரும், எதற்கு வம்பு என்றான். வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் திடீரென்று தங்கள் படங்களில் மும்முரமாகிவிட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பதினோரு வருடத்தில் எட்டு வருடம் அப்போதே முடித்திருந்தேன். எனக்கு மட்டும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவில்லை என்பது இன்னும் சரியாக இருக்கும். நானும் மேலத்தெருக்காரிதான், வேறோர் ஊரின் மேலத்தெரு.

"நான் வந்தால்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தான். "நீங்கள் நேராகவே வரலாம், டீச்சர்."

மாலை பஸ்ஸில் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'டோண்ட் கோ ஸ்ட்ரெய்ட்.' எதிர்மறை ஏவல், பிழையே இல்லை. எந்தக் கைடிலும் இல்லாத வாக்கியம், அவனே கட்டியது. ஐந்து வருடம் அவனுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து, அவன் சொந்தமாக ஒரு வரி எழுதியபோது நான் செய்தது அதை அடித்தது.

அடுத்த வாரம் அவன் எழுதிய வழியைப் பிடித்தே அவன் வீட்டுக்குப் போனேன். 'கிராஸ் தி ப்ரிட்ஜ்' என்று அவன் எழுதியிருந்தது பாலம் அல்ல, வாய்க்காலின் குறுக்கே போட்ட இரண்டு தென்னை மரம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டினேன். மற்றபடி வழி துல்லியம். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வாசலில் போய் நின்றேன். ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பை மட்டும் நம்பி நான் ஒரு வீட்டைக் கண்டுபிடித்தது என் வாழ்க்கையில் அது ஒரு முறைதான். அவன் அம்மா பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்தார். 5.10 பஸ் போய்விட்டது.

இந்த வரைபட யோசனையை நானே கண்டுபிடித்ததாகக் கொஞ்ச நாள் பெருமையாக இருந்தேன். பிறகு பெங்களூரில் தென்மாநில ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சிக்குப் போனபோது அந்தப் பெருமை போயிற்று. என்.எஸ். பிரபு என்பவர் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பகுதிப் பள்ளிகளில் இதைத்தான் செய்து பார்த்திருக்கிறார். அப்போது அவர் பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் இருந்தார். உலகம் முழுவதும் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் அதைப் பெங்களூர்த் திட்டம் என்று இன்றும் பேசுகிறார்கள். சென்னையிலும் நடந்த ஒன்றைப் பற்றி மன்னார்குடிக்காரி பெங்களூரில் போய்க் கேள்விப்பட வேண்டியிருந்தது.

அதற்கு முன்னால் ஐம்பது அறுபதுகளிலிருந்து இங்கே கோலோச்சியது வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக அடுக்கி, திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் முறை. என் அப்பா அப்படிப் படித்தவர். 'நான் கதவை நோக்கி நடக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே கதவை நோக்கி நடப்பார்களாம். அறுபது பேரும் வரிசையாக. எழுபது வயதிலும் அந்த ஒரு வாக்கியத்தை அவர் தவறே இல்லாமல் சொன்னார், சொல்லவேண்டிய சந்தர்ப்பம்தான் வரவில்லை. பிரபு அதைத் தலைகீழாக்கினார். இலக்கணத்தை வரிசைப்படுத்த வேண்டாம், பிள்ளைகளுக்கு மூளைக்கு வேலை தருகிற ஒரு பணியைக் கொடு. ரயில் அட்டவணை, ஊர் வரைபடம், ஏதாவது. மனம் பொருளில் இருக்கும்போது மொழி அமைப்பு தானாகப் படியும் என்பது அவர் கட்சி. முதலில் ஆசிரியர் அதே மாதிரியான ஒரு பணியை வகுப்போடு சேர்ந்து வாய்விட்டுச் செய்து காட்டுவார். பிறகு ஒவ்வொருவரும் தனியாக. பணி சரியான கடினத்தில் இருக்கிறதா என்று பார்க்க அவர் வைத்திருந்த அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது. வகுப்பில் பாதிப் பேராவது, பணியில் பாதியாவது சரியாகச் செய்துவிட்டால் போதும். மணப்பெண்ணுக்குப் பொருத்தம் பார்ப்பதைவிடத் தாராளமான கணக்கு.

பயிற்சி முடிந்து புது உற்சாகத்தோடு வந்து, வாரம் இரண்டு பாடவேளை இப்படிச் செய்தேன். மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் போகும் பஸ் நேரங்களைக் கொடுத்து, பத்தரை மணிக் கல்யாணத்துக்கு எந்தப் பஸ்ஸைப் பிடிப்பது என்றேன். முதல் இரண்டு வாரம் திருவிழா. மூன்றாவது வாரம் பாதிப் பேர் தமிழிலேயே பேசி முடித்து விடையை மட்டும் ஆங்கில எண்ணில் எழுதினார்கள். நான்காவது வாரம் ஒரு பையன் கல்யாணத்துக்குப் போகவே வேண்டாம், அவர்களோடு எங்களுக்குப் பேச்சு இல்லை என்று எழுதினான். தலைமை ஆசிரியர் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, "சத்தம் நன்றாக இருக்கிறது டீச்சர். போர்ஷன் எதுவரை வந்திருக்கிறது?" என்றார். நல்ல மனிதர், கிண்டல் இல்லை, அவர் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டிய பதில் அது. ஐந்தாவது வாரம் நான் மறுபடி ஒரு மதிப்பெண் வினாக்களில் இருந்தேன். இப்போது வாரத்துக்கு ஒரு பாடவேளைதான், அதுவும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில். பத்தாம் வகுப்பில் பொங்கலுக்குப் பிறகு மூச்சுவிடவே நேரமில்லை.

நிஜமான அந்நியர்களும் வந்தார்கள். போன வருடம் குறுவை நடவுக்கு எங்கள் பக்கத்து வயல்களுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஒரு குழு வந்து இறங்கியது. கயிறு கட்டி வரிசையாக நடுவதைப் பார்க்க ஊரே வரப்பில் நின்றது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா அவர்களுக்கு மேஸ்திரி. 'ஆங்கிலம் எதற்குப் படிக்கிறோம்? வெளியூர்க்காரர்களோடு பேச' என்று நான் வருடா வருடம் முதல் நாள் சொல்லும் பிரசங்கத்தை அவன் நம்பியிருக்கிறான். போய் 'வேர் ஆர் யூ ஃப்ரம்' என்று கேட்டிருக்கிறான். அவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

"டீச்சர், அவர்களுக்கும் இங்கிலீஷ் தெரியவில்லை" என்று மறுநாள் வந்து சொன்னான். என் மேல் மிகுந்த இரக்கத்தோடு சொன்னான். ஒரு வாரத்தில் தண்ணீருக்கு ஜோல், சோற்றுக்கு பாத் என்று இருபது முப்பது வங்காளச் சொற்களோடு வகுப்பில் உலவினான். அந்தக் குழுவுக்குக் கடைக்கும் ஏடிஎம்முக்கும் வழி சொன்னது அவன்தான். எந்த மொழியில் என்று கேட்டேன். "கையால், டீச்சர்."

இந்த வருடமும் தை பிறந்தது. பத்தாம் வகுப்புக்கு மறுபடி வரைபடம். பலகையில் தெருக்களைப் போட்டு, ஒரு மூலையில் வடக்கைக் குறித்துவிட்டு (தேர்வில் இருக்காது என்று எச்சரித்துவிட்டுத்தான்), மருத்துவமனைக்கு வழி கேட்கும் அந்நியரை நிறுத்தினேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"டீச்சர், அந்நியர் ஆணா, பெண்ணா?"

"ஏன்?"

"ஆண் என்றால் நான் எதற்கு நின்று பேச வேண்டும்? பஸ் நிறுத்தத்தில் யாராவது ஏதாவது கேட்டால் பேசாமல் வந்துவிடு என்றுதான் அம்மா சொல்லியிருக்கிறது."

மற்ற பெண்கள் தலையாட்டினார்கள். பையன்கள் ஏதோ முணுமுணுத்தார்கள். கடைசிப் பெஞ்சைப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன் அங்கே உட்கார்ந்திருந்தவன் இப்போது கல்லூரியில் முதலாண்டு. சரி, நீ என்ன செய்வாயோ அதையே ஆங்கிலத்தில் எழுது என்றேன். நோட்டைக் கொண்டு வந்து நீட்டினாள். மூன்றே வரி.

'வெயிட் ஹியர். ஐ வில் கால் மை பிரதர். ஹி வில் டெல்.'

படித்துவிட்டு 2 மதிப்பெண் போட்டேன். அவள் திரும்பிப் போகும்போது கூப்பிட்டு, பொதுத்தேர்வில் இப்படி எழுதிவிடாதே, நேராகப் போய் இடப்பக்கம் திரும்பச் சொல் என்றும் சொல்லி அனுப்பினேன்.